நாற்பது மரம், நாற்பது வார்த்தை

புஷ்பவள்ளிக்குக் கோபம் வந்தால் கண் இரண்டும் இன்னும் பெரிதாகும். அன்று காலை மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அவள் சீவிய மரத்தடியில் மங்கு நிறையப் பால் இருந்தது. ஒருவன் அதைக் காலால் தட்டிக் கொட்டிவிட்டான். கையில் ஒரு தாள், வாயில் முணுமுணுப்பு... "அபுனாய்... அபுனாய்..."

நிமிர்ந்தான். தோட்டத்துக் கணக்கெழுதப் புதிதாக வந்த சின்னக் கிராணி பரஞ்சோதி. அந்தக் கண்களைப் பார்த்தான்... தாள் கையிலிருந்து நழுவியது.

"அபுனாய்னா என்ன கிராணி? மங்கை ஒதைன்னு அர்த்தமா?"

"ஆபத்துன்னு அர்த்தம்."

"அது சரி. நீங்க நடந்து வர்றதே ஆபத்துதான்."

சுங்கைப் பட்டாணியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவன் அவன். பால்வெட்டுக்காரி கேலி செய்வதா? முகம் சிவந்து, மன்னிப்புக்கூடக் கேட்காமல் மற்ற மரங்களின் பக்கம் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மத்தியானம் பன்னிரண்டு வீட்டு லயத்தில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம். புது ஜப்பான் துரை கிராணிகளுக்கு இரண்டு வாரக் கெடு வைத்திருந்தான். நாற்பது ஜப்பான் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த லாரியில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும். அங்கே போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாளும் பரஞ்சோதி வந்தான். அவள் மரத்தைவிட்டுத் திரும்பாமலே, நேற்று அவன் முணுமுணுத்துப் போன ஒன்பது வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னாள். அவன் தாளைப் பிரித்துச் சரிபார்த்தான், ஒன்றும் தப்பவில்லை. இதில் என்ன அதிசயம் என்றாள். தினமும் நடக்கிற மர நிரை இது, எந்த மரமும் அவளுக்கு மறக்காது. ஒரு மரத்துக்கு ஒரு வார்த்தையாகக் காதில் கேட்ட இடத்திலேயே மாட்டி வைத்தாள். மறுபடி நடந்தால் அது அங்கேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

ராத்திரி முழுக்க நூறு தடவை படித்தும் காலையில் ஒன்றும் நிற்கவில்லை என்று அவன் முதன்முறையாக இறங்கி வந்தான்.

"ஒரே நாளுல ஆழமா வெட்டுனா பாலா வரும் கிராணி? மரத்துக்குக் காயம்தான். மெல்லிசா சீவணும். விட்டு விட்டு வரணும். மனசும் அப்படித்தான் லா."

அன்றிலிருந்து காலைதோறும் அவன் அவள் பின்னால் நடந்தான். தினம் நாலு வார்த்தை, அர்த்தத்தோடு மரத்துக்கு ஒன்றாக, பழையதில் கொஞ்சம். மழை பிடித்துக்கொண்ட நாளில் இருவரும் ஒரே மரத்தடியில் ஒதுங்கினார்கள். அவள் இமையில் ஒரு துளி நின்றது... அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு வார்த்தை மட்டும் மரமே இல்லாம ஞாபகம் இருக்கு" என்றான். "அபுனாய். படிச்சதால இல்ல. அந்த நேரத்துல உன் கண்ணைப் பாத்தேன்."

அவள் கத்தியை மட்டும் இரண்டு தடவை துடைத்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள், பெரிய கிராணி குழந்தைவேலு சைக்கிளில் வந்தார். இங்கே உனக்கு என்னப்பா வேலை என்று கேட்டார். வெட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றான் பரஞ்சோதி. அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

சைக்கிள் போனதும், "என்கிட்ட படிச்சேன்னு சொல்ல வெக்கமா?" என்றாள். அவன் தலைகுனிந்தான். "நாப்பதும் வந்துருச்சுல்ல. இனிமே இந்த நிரைக்கு வராதீங்க."

போய்விட்டான். அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. இவனுக்காகவா அழுவேன் என்று நினைத்தாள். ஆனாலும்... நாளைக்கு அவன் திணறினால்? அந்த லாரி?

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் தோட்டமே நின்றது. துரை தாளை எடுத்து முதலிலிருந்து கேட்கவில்லை. பரஞ்சோதியிடம் நடுவிலிருந்து முப்பத்தோராவது வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான். வரிசையாக நடந்து படித்தவனுக்கு நடுவில் எப்படி நுழைவது? புஷ்பவள்ளி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கண்ணை மூடினான். கால்கள் நகர்ந்தன. முதல் மரத்தில் நின்றான், குனிந்தான், அடுத்ததற்குப் போனான். வெறுந்தரையில் இல்லாத தண்ணீர்க் கானைத் தாண்டிக் குதித்தான். இல்லாத புற்றைச் சுற்றிப் போனான்.

"அட, இது புஷ்பவள்ளி நிரை லா" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, களமே சிரித்தது. அவளுக்குக் காது சூடேறியது. அவன் நிற்கவில்லை. முப்பத்தோராவது மரத்தில் நின்று அர்த்தம் சொன்னான். அடுத்த வார்த்தை, மறுபடி முதலிலிருந்து நடை. வேர்வை கொட்ட நாற்பதையும் நடந்து முடித்தான். துரையே சிரித்துவிட்டு, சயாம் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டான்.

யாரப்பா இப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று பெரிய கிராணி கேட்டார். பரஞ்சோதி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"புஷ்பவள்ளி. நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன் ஐயா. நான் வெட்டு பாக்கப் போகல. அவகிட்ட படிக்கப் போனேன்."

அவள் தலை தானாக நிமிர்ந்தது. இத்தனை பேர் முன்னால் தன் பெயர் அப்படி ஒலித்து அவள் கேட்டதே இல்லை. பெருமையில் நெஞ்சு விம்மியது.

கூட்டம் கலைந்ததும் அவன் அருகில் வந்தான்.

"நாப்பதும் மறந்து போனாலும் போகட்டும் புஷ்பா. நீ வராதேன்னு சொன்னது மட்டும் மறக்க மாட்டேங்குது. உன்னை விட்டுட்டு இருக்க என்னால முடியாது."

"எனக்கும்தான்" என்றாள், கண்ணைத் தாழ்த்தாமல். "நேத்து ராத்திரி பூரா அந்த லாரியவே நெனச்சு பயந்து கெடந்தேன். ஆனா என்கிட்ட சொன்னா பத்தாது. எங்கப்பாகிட்ட வந்து கேளுங்க. இப்ப சொன்னீங்களே, அதே சத்தத்துல."

சாயங்காலமே வந்து கேட்டான். லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது.