படி தாண்டாத கள்ளன்

"மிஸ், ரெண்டு வருசம் நீங்க பாத்துத் திருத்திவிட்ட மனுசன் அவர். இண்டைக்கு நீங்க வராட்டிப் பொழுதுபடக்குள்ள திரும்ப உள்ள தள்ளிப்போடுவாங்க."

காத்தான்குடியில் ஸுஹைனாவின் வீட்டு வாசலில் நின்றபடியே பிரஷாந்தி இதைச் சொன்னாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தேத்தண்ணி கொடுத்தால் குடிக்கவில்லை. அழவுமில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பாள்.

ஸுஹைனா ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர். பிரஷாந்தியின் கணவன் வினோஜன் ஒரு காலத்தில் தண்ணீர் மோட்டர் களவெடுத்துச் சிறைக்குப் போனவன். வெளியே வந்தபின் ஸுஹைனாவின் கண்காணிப்பில் இருந்தான். இப்போது வாவியில் வலை போட்டுப் பிழைக்கிறான். அவர்கள் ஊரான மருதந்துறையில், வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும் கண்ணகை அம்மன் கோயிலில் நகைப்பெட்டியைக் காணவில்லை. விடியக் கதவு திறந்து கிடந்திருக்கிறது; பூட்டு உடையவில்லை. காலையில் கோயில் ஒலிபெருக்கி வினோஜனின் பெயரைச் சொல்லியே பெட்டியைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. அப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவனுடைய மகளும் நின்றிருந்தாள். இதையெல்லாம் ஒரு நியாயம் என்று ஊர் செய்திருக்கிறது, பாருங்கள்!

"பூட்டுக்குத் திறப்பு எத்தினை பேரிட்ட இரிக்கி?" என்று ஸுஹைனா கேட்டார்.

"கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் கந்தப்போடியார்ட்ட ஒண்டு, செயலாளர் கோணாமலை சேரிட்ட ஒண்டு. ஆனா பூட்டுத் திறக்கிற வித்தையை இவர் சிறையில படிச்சவராம்."

"அந்த வண்ணக்கர்தான் கள்ளன்!" என்றார் அன்னப்பூரணி. ஸுஹைனாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்து, ஒரே நாளில் ஓய்வுபெற்ற தோழி அவர்.

"அன்னம், இன்னும் ஸ்கூட்டிய எடுக்கல்ல. அதுக்குள்ள கள்ளனைப் பிடிச்சிட்டீங்களே கா!"

களுவாஞ்சிக்குடி தாண்டி, ஸ்கூட்டியில் தோழிகளும் பஸ்ஸில் பிரஷாந்தியும் மருதந்துறை சேர்ந்தபோது கோயில் முன்பந்தலில் ஊர் கூடியிருந்தது. மருதமரத்தடியில் வினோஜன் கைகட்டி அமர்ந்திருந்தான். இருபுறமும் இரண்டு தடியன்கள் காவல். பந்தலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் கோணாமலை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத ரகம்.

"மிஸ், இதில துப்பறிய என்ன இருக்கு? குற்றம் எங்க பிறக்குது எண்டு சமூகவியல் படிச்ச ஆருக்கும் தெரியும். வறுமை, கூடாத சேர்க்கை, சிறைப் பழக்கம். மூண்டும் இவனிட்ட இருக்கு."

"நானும் அதைப் படிச்சன் சேர். அதில இன்னொரு பாடமும் இரிக்கி. ஒருத்தன் ஏன் செஞ்சான் எண்டு மட்டும் கேட்டாப் போதா, மத்தவங்க ஏன் செய்யாம இரிக்காங்க எண்டும் கேக்கணும்."

வண்ணக்கர் கந்தப்போடி அவர்களைக் கதவடிக்கு அழைத்துப் போனார். "சடங்கு கிட்டுது. இந்த வருசம் பத்தரைக் கூப்பிட்டு நகையெல்லாம் மெருகு போடுவம் எண்டிருந்தன். அதுக்குள்ள இப்பிடி. நான் ஒருத்தரையும் உள்ள விடல்ல. நீங்க போய்ப் பாருங்க."

"வேணாம் போடியார். உங்கட கோயில். நான் படியில நிண்டே பாக்கன்," என்றார் ஸுஹைனா.

"நானும் வரேலாது," என்று கோணாமலை பந்தலிலிருந்தே குரல் கொடுத்தார். "போன கிழமை என்ட சின்னம்மா காலமாகிட்டா. எனக்குத் துடக்கு."

சாவு விழுந்த வீட்டார் துடக்குக் கழியும்வரை பந்தலோடு நின்றுவிட வேண்டும். படி தாண்டக் கூடாது. மருதந்துறையில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

உள்ளே ஒரு வருடத்துப் புழுதி. பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாய்த் தெரிந்தது. அங்கிருந்து படிவரை ஒரே ஒரு இழுத்த கோடு. காலடி என்று ஒன்றுகூட இல்லை.

"அம்மாளே!" என்று அன்னப்பூரணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வெளியில இருந்திச்சு," என்றார் கந்தப்போடி. "பந்தல் மணல்ல வெறுங்கால் அடி, படி வரைக்கும். என்ட கண்ணால கண்டன். பிறகு சனம் மிதிச்சுப்போட்டுது."

"உள்ள அடி விழக்கூடாதெண்டு அந்தக் கொக்கத்தடியால இழுத்திருக்கான்," என்று கோணாமலை மாமரத்தில் சாத்தியிருந்த, மாங்காய் பறிக்கும் கொக்கி வைத்த தடியைக் காட்டினார். "எல்லாம் சிறை வித்தை."

ஸுஹைனா மருதமரத்தடியில் இருந்த வினோஜனிடம் போனார். "நீ எடுத்தியா?"

"இல்ல மிஸ்."

"ஏன் எடுக்கல்ல? அம்மனுக்குப் பயந்தா?"

வினோஜன் நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "பொய் சொல்ல மாட்டன். எனக்கு அம்மனிலயும் பெரிய பயமில்ல, பொலிசிலயும் பயமில்ல. என்ட மகள் வகுப்பில எழும்பி நிண்டு, அப்பா மீன்பிடிக்கிறார் எண்டு சொல்றவள். அதைக் கெடுத்துப்போட்டு எனக்கு என்னத்துக்குப் பெட்டி? இண்டைக்கு இவங்க கெடுத்துப்போட்டாங்க. ஊரை விட்டுப் போகச் சொல்றாங்க. போக மாட்டன்."

ஸுஹைனா திரும்பவும் படிக்கு வந்தார். இழுத்த கோட்டின் நடுவே ஏதோ மின்னியது. அன்னப்பூரணியின் குடையை வாங்கி, வெளியே நின்றபடியே வளைந்த பிடியை உள்ளே நீட்டி அதை இழுத்தெடுத்தார். மாலையில் கோக்கும், தங்கப் பூச்சுக் கழன்ற பித்தளை மணி ஒன்று.

"கேட்டா நான் போய் எடுத்துத் தரமாட்டனா?" என்று அன்னப்பூரணி கோபித்துக்கொண்டார்.

ஸுஹைனா கையிலிருந்த குடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லோரையும் பந்தலுக்குள் கூப்பிட்டார்.

"அடியை மறைக்க நினைக்கிறவன் பந்தல் மணல்ல அடி பதிய நடந்து வருவானா? அவன் ஒண்டையும் மறைக்கல்ல. உள்ள போகல்ல, அவ்வளவுதான். கையில திறப்பு, கதவு திறந்து கிடக்கு, பாக்க ஆளில்ல. எட்டி நாலு அடி வெச்சாப் பெட்டி. மறுகா ஏன் தடி? நானும் இப்ப உள்ள போகல்ல. நான் குடையை எடுத்தன், அவர் கொக்கத்தடியை எடுத்தார். போகக் கூடாதெண்டு மனசு தடுத்த ஆள்தான் தடி தேடும். வினோஜனுக்குத் துடக்கில்ல. போடியாருக்கும் இல்ல, அவங்க நடந்தே போயிருப்பாங்க. துடக்கும் திறப்பும் ஒண்டா இரிக்கிறது ஒருத்தரிட்ட மட்டும்தான்."

கூட்டம் கோணாமலையைப் பார்த்தது. அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "வேணுமெண்டா என்ட வீட்டைச் சோதியுங்க!"

"அங்க இராது சேர். துடக்கு வீட்டில அம்மன்ட பெட்டியை வைக்க உங்களுக்கு மனசு வராது. கண்ட இடத்தில போடவும் வராது. போடியார், சடங்கு முடிஞ்சா கும்பத்தை எங்க சொரிவீங்க?"

"வாவித் துறையில..." என்றபடியே கந்தப்போடி துறைப் பக்கம் திரும்பினார்.

வினோஜனை அசையவேண்டாம் என்று சொல்லிவிட்டு, காவல் நின்ற தடியன்களையே ஸுஹைனா தண்ணீரில் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் பெட்டி வந்தது. உள்ளே இருந்த மாலையெல்லாம் அதே பித்தளை மணி.

கோணாமலை மணலில் குந்திவிட்டார். "மகனை வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் போன சடங்கோட அசலை எடுத்துப்போட்டு இதை வெச்சன். அதிபர்ட பிள்ளை இஞ்ச கூலிக்குப் போறதா? பத்தர் வந்தா எல்லாம் தெரிஞ்சுபோகும் எண்டு..."

"வறுமை, சேர்க்கை, சிறை," என்று அன்னப்பூரணி விரல் மடக்கினார். "சேர், இது உங்கட எந்தப் பாடம்?"

கந்தப்போடி வினோஜனின் தோளில் கை வைத்தார். "தம்பி, மனசில வெச்சிக்காத. ஊர் மானம். அம்மன்ட அருளால பெட்டி கிடைச்சிட்டுது எண்டு சொல்லி, மிச்சத்தை நமக்குள்ள முடிச்சிடுவம்."

வினோஜன் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான். "காலையில என்னைக் கள்ளன் எண்டு சொல்லக்குள்ள நமக்குள்ளயா சொன்னீங்க? வாவிக்கு அங்கால படுவான்கரை வரைக்கும் கேட்டிச்சு. இப்ப மட்டும் மெதுவாச் சொல்லோணுமோ? பள்ளிக்கூடம் விட முந்தி அதே ஒலிபெருக்கிக் குழாயில சொல்லுங்க."

யாரும் நகரவில்லை. ஆனால் பிரஷாந்தி ஏற்கெனவே ஒலிபெருக்கி அறைக்குள் போயிருந்தாள்.

"மருதந்துறைச் சனமெல்லாம் கேளுங்க. நான் வினோஜன்ட பெண்சாதி பேசுறன். அம்மன்ட பெட்டியை எடுத்தது கோணாமலை சேர். வாயால ஒத்துக்கொண்டார். என்ட புருசன் எடுக்கல்ல. நாங்க இந்த ஊரை விட்டுப் போகவும் மாட்டம்."

வாவியில் தோணிக்காரர்கள் துடுப்பை நிறுத்தினார்கள். கந்தப்போடி, போதும் என்று அறையைப் பார்த்துக் கையைக் காட்டினார். குழாய் ஒருமுறை கரகரத்தது.

"கேக்காத ஆக்களுக்காக இன்னொருக்காச் சொல்றன்."