பொழுது சாய்வதற்குள் ஒரு பேட்டரி

“ஆறு வோல்ட்டா?”

கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள். அவ்வளவுதான்... எதற்கு வந்தோம் என்பதே செந்தமிழனுக்கு ஒரு நொடி மறந்து போனது. மை தீட்டாத, குளிர்ந்த கண்கள்!

“ஆமாங்க... பழைய யெஸ்டி பைக்குக்கு. பன்னெண்டு வோல்ட் போட்டா எல்லாம் பொகஞ்சிடும்.”

“தெரியும். நான் இங்க பூக்கடை வைக்கல.”

சுருக்கென்றது. ஆனாலும் கோபம் வரவில்லை. இரண்டு நாளாகத் திண்டிவனத்திலும் திருவண்ணாமலையிலும் கடைகடையாக ஏறி இறங்கி, கடைசியாகச் செஞ்சிக்கு வந்திருந்தான். அவள், அதாவது அப்பாவின் பேட்டரி கடையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் ஷோபனா, ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள்.

“ஒண்ணே ஒண்ணு இருக்குது. ஆசிட் ஊத்தி, அஞ்சு மணி நேரம் மெதுவா சார்ஜ் ஏத்தணும். சாயங்காலம் வாங்க.”

“அரை மணியில ஏத்தித் தர முடியாதா?”

“தரலாம். தகடு வளைஞ்சி ஒரு மாசத்துல செத்துடும். பரவால்லியா?”

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? அவலூர்பேட்டையில் அந்த யெஸ்டி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அதில்தான் அவன் வண்டி ஓட்டவே பழகினான். ‘நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் காயலான் கடை வண்டி வருது. அதுக்குள்ள ஓட்டிக் காட்டு, இல்லனா ஏத்தி வுட்டுடுவேன்’ என்று சொல்லிவிட்டார் அவனுடைய நைனா. கேட்காமலேயே அத்தனையையும் அவளிடம் கொட்டினான்.

“அதனால... இத விட்டுட்டு எங்கயும் போய்டாதீங்க.”

“போவல. மொதல்ல நீங்க கொஞ்சம் உக்காருங்க. பாக்கற எனக்கே தலை சுத்துது!”

உட்கார முடிந்தால்தானே? பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான், திரும்பி வந்தான். பத்து நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்த்தான். பேட்டரியையா, அவளையா... அதை அவனிடம் கேட்காதீர்கள். மூன்று மணிக்கு ராஜகிரிக் கோட்டை மலையே மறையும்படி மழை பிடித்தது. கரண்ட் போனது. மறுபடி வரும்போது மணி ஐந்தரை. அவள் சார்ஜரை மறுபடி போட்டு, அதன் முள் அளவு தாண்டாமல் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஒருமுறை வாசலுக்கு வந்து இருட்டும் வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஏழு மணிக்கு அவன் எதிர்ச்சாரியில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தான்.

“உங்களுக்குத்தான்... சாப்பிடுங்க.”

“வேணாங்க.”

“ஒண்ணே ஒண்ணு...”

“வேணான்னா விடுங்களேன்!”

நாள் முழுதும் சுற்றிய அலுப்பு அவனுக்குத் தலைக்கேறியது. “எங்க கையால வாங்கினா எறங்காதோ?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “பேட்டரிக்கு வந்தவங்க பேட்டரிய மட்டும் வாங்கிட்டுப் போங்க.”

“அதுவும் வேணாம்!”

மழையில் இறங்கி நடந்தே விட்டான். பஜ்ஜிக்கடை சாமுண்டீஸ்வரி அக்கா அவன் கைப்பொட்டலத்தைப் பார்த்தாள்.

“இன்னாப்பா, அப்படியே கொண்டாந்துட்ட? ஷோபனாவுக்கா வாங்கின? அது மேல்சித்தாமூர் ஜெயின் வூட்டுப் பொண்ணாச்சே. பொழுது சாஞ்சா ஒண்ணும் சாப்புடாது. தினம் அஞ்சரைக்குக் கடைய சாத்திட்டுப் போய் சாப்ட்டுடும். இன்னிக்கு எவனோ பேட்டரிய விட்டுட்டுப் போவாதன்னு சொல்லிட்டானாம்... ராத்திரி பட்டினிதான்.”

எவனோ! அந்த எவனோ திரும்பி ஓடினான். ஷட்டர் இறங்கியிருந்தது. பலகையிலிருந்த நம்பருக்குப் போன் போட்டால் அவள் அப்பா எடுப்பார்... என்னவென்று சொல்வது? கடைசி பஸ்ஸில் ஏறியவனுக்கு அன்று தூக்கமே இல்லை. வண்டி போகப்போகிறதே என்று அல்ல. தான் சொன்ன வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

விடிந்ததும் அம்மா அவித்த இட்லியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு செஞ்சி பஸ்ஸுக்கு நின்றான். ஆறே முக்காலுக்குச் செஞ்சியிலிருந்து ஒரு பஸ் வந்தது. மடியில் வைத்துக் கொண்டு வந்த ஒயர் கூடையைச் சாயாமல் தாங்கியபடி... ஷோபனா இறங்கினாள்!

“நீங்களா?”

“சாய்க்காம புடிங்க, ஆசிட்டு. ஏழு மணின்னு சொன்னீங்களே... அதான்.”

“என்ன மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது... நேத்து மத்தியானத்துலேர்ந்து நீங்க சாப்பிடவே...”

தூக்கை நீட்டினான். அவள் கிழக்கே பார்த்தாள். புளியமரத்துக்கு மேலே வெயில் வந்துவிட்டிருந்தது.

“உங்க கையால வாங்கினா எறங்குதான்னு பாக்கணுமே,” என்றாள், சிரிக்காமல்.

நிழற்குடையில் உட்கார்ந்து ஒரு இட்லியைப் பிட்டாள். அப்போது காயலான் கடை வண்டி அவர்களைக் கடந்து ஊருக்குள் போனது. அவன் அசையவில்லை.

“ஐயோ, வண்டி போவுதுங்க! எழுந்திரிங்க!”

“போவட்டும். நீங்க சாப்பிடுங்க.”

அவள் அவனையே பார்த்தாள். நேற்றெல்லாம் ஒரு நிமிடம் உட்காராதவன்... இப்போது எப்படி உட்கார்ந்திருக்கிறான்! இரண்டாவது இட்லியை வாயில் திணித்துக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். “ஓடுங்க!”

கொட்டகையில் யெஸ்டியைத் தூக்க இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். “ஒரே நிமிஷம் நைனா!” ஷோபனாவே கூடையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பேட்டரியில் வயரை மாட்டி முறுக்கினாள். அவன் கிக்கரை உதைத்தான். முதல் உதை... ஒன்றுமில்லை. இரண்டாவது... ஒரு இருமல். மூன்றாவது உதையில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தது. கோழி கூரைக்குப் பறந்தது.

நைனா வண்டியைப் பார்த்தார். ஸ்பேனரும் கையுமாக நின்ற பெண்ணைப் பார்த்தார். “காயலான்காரனுக்கு டீ குடுத்து அனுப்புங்கடா,” என்று உள்ளே போய்விட்டார்.

“வாங்க, செஞ்சியில விட்டுடறேன்,” என்றான் செந்தமிழன்.

“அவ்ளோதானா?”

அவள் கண்கள் தரையில் இருந்தன. அவனுக்கு மறுபடி கால் தரிக்கவில்லை. ஆனால் இந்த முறை நடந்து தப்பிக்கவில்லை.

“ஷோபனா... இனிமே நானும் பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடறேன். உங்க கூடவே... தெனமும்.”

அவள் தூக்கை ஒயர் கூடைக்குள் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“மெதுவா போங்க,” என்றாள். “பொழுது சாய இன்னும் நெறைய நேரம் இருக்குது.”