அரையும் அரையும் சேர்ந்தால்

விழாவுக்கு முந்தைய நாள், பள்ளி அரங்கில் ஒத்திகை. தொணப்பியின் தம்பி மைக் முன் நின்று பாடிக்கொண்டிருந்தான். தொணதொணவென்று கேள்வி கேட்பதால் அவளுக்கு வீட்டில் அந்தப் பெயர்.

பாட்டின் உச்சியில் ஒரு ஸ்வரம் வரும். அங்கே மட்டும் தம்பியின் குரல் நூலாய் மெலிந்துபோனது. எத்தனை முறை பாடினாலும் அதே கதைதான்.

"உனக்கு இன்னும் அவ்வளவு மேல எட்டலப்பா. அடுத்த வருஷம் பாடலாம்," என்றார் பாட்டு டீச்சர். தம்பி தலையாட்டினான். அழுகையை அடக்கியதில் அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

வீட்டில் அவன் கூரை பறக்கிற மாதிரி பாடுவான் என்பது தொணப்பிக்குத் தெரியும். கோளாறு ஸ்பீக்கரில்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். விழாவுக்காக அந்த ஸ்பீக்கரைச் செய்தது, மேடையோரம் நின்றிருந்த அம்மா.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, அதைச் செய்திருந்தார். பெட்டிக்குள் கனத்த ஒலிக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர், கீச்சென்ற ஒலிக்கு ஒரு சின்னது. இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். எந்த ஒலி எதற்குப் போகவேண்டும் என்று முன்கூட்டியே பிரித்து அனுப்பும் சர்க்யூட்டுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அந்தக் கணக்கைத் தொணப்பியும் கூடவே உட்கார்ந்து கற்றாள். எல்லைக்கோட்டில் இருக்கும் ஒலியை இரண்டும் பாதிப் பாதி பாடவேண்டும். அரையும் அரையும் ஒன்று.

அவள் டீச்சரிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினாள். அம்மா சின்ன ஸ்பீக்கரை நிறுத்தினார். தம்பி அந்த ஸ்வரத்தைப் பிடித்தான். மெதுவாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. பெரியதை நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் கேட்டது. இரண்டையும் போட்டால்தான் காணோம். அந்த ஸ்வரம் சரியாக எல்லைக்கோட்டில்தான் விழுந்தது.

"அம்மா, பிரிக்கும்போது ஒலி அலை முன்னப்பின்ன ஆகும்னு படிச்சோமே, எவ்வளவு?"

"அலை ஒரு தடவை தள்ளி இழுத்தா ஒரு சுற்று. எல்லைக்கோட்டுல, பெரியதுல கால் சுற்று பின்னால போகும். சின்னதுல கால் சுற்று முன்னால."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல அரைச் சுற்று. இது முன்னால தள்ளும்போது அது பின்னால இழுக்குது. ஒரே பக்கம் நின்னு ஊஞ்சலை ஒரே நேரத்துல நீ தள்ளி நான் இழுத்தா அது எங்கம்மா ஆடும்?"

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அரை, மைனஸ் அரை. மைனஸ் குறியை விட்டுட்டேன்."

"நான் வீட்டுப்பாடத்துல விட்டா மட்டும் அந்தத் திட்டு திட்டுற," என்றாள் தொணப்பி.

அம்மா ஸ்க்ரூடிரைவரை அவள் கையிலேயே கொடுத்தார். சின்ன ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் அவள் இடம் மாற்றிப் பூட்டினாள். இனி இரண்டும் ஒரே பக்கம் தள்ளும்.

தம்பி பாடினான். அந்த ஸ்வரம் கணீரென்று அரங்கின் பின்சுவர்வரை போய் நின்றது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு நீதான் பாடுற. என்மேல கோவிச்சுக்காதப்பா," என்றார் டீச்சர். தம்பி வாயெல்லாம் சிரிப்பாக அக்காவிடம் ஓடிவந்தான்.

காவலாளி பெட்டியைத் தட்டிப் பார்த்து, யார் செய்தது என்று விசாரித்தார்.

"செஞ்சது நான். கணக்கைச் சரி பண்ணது என் பொண்ணு. பாடினது என் பையன்," என்றார் அம்மா. மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

தொணப்பி ஒன்றுமே நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. பெருமையில் பல்லெல்லாம் தெரிந்துவிட்டது.