பதில் சொல்லாத ஒன்று

எல்லா ப்ராசஸர்களும் பதில் சொல்லிவிட்டன, ஒன்றைத் தவிர.

அவள் திரையை மறுபடியும் பார்த்தாள். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கும் மென்பொருளைப் பராமரிப்பது அவள் வேலை. உள்ளே குடியிருப்பதை விருந்தாளி என்பார்கள். விருந்தாளியின் மெமரியில் ஒரு பகுதியை இடம் மாற்றினால், அதன் ப்ராசஸர்கள் அத்தனையும் நின்று, பழைய முகவரியை மறந்துவிட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். கடைசிப் பதில் வரும்வரை மற்றவை அசையாமல் காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் காலியான இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மதிய வெயில் கொளுத்தியது. உள்ளேயோ சர்வர் அறையின் இடைவிடாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் மெல்லிய நாற்றமும், பின்கழுத்தில் படியும் செயற்கைக் குளிரும். மேனேஜர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"ஒண்ணுதானே? விட்டுத் தள்ளும்மா. பழைய இடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துடு."

"அது இன்னும் பழைய இடத்தையே பாத்துக்கிட்டிருக்கு சார். அங்க வேற ஆளக் குடிவச்சா, பழைய ஆளுன்னு நெனச்சு புது ஆளுகிட்டயே பேசும்."

"பேசட்டும். ஊரோட ஒத்துவாழத் தெரியாத ஒரு கழுதைக்காக எல்லாரும் காத்துக் கெடக்கணுமா?"

அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி அவரே விசையை அழுத்தினார்.

இரைச்சல் ஒரு மூச்சு நேரம் நின்றது. கூடம் முழுவதும் தட்டச்சு ஓசை நின்றது. பிறகு எல்லாம் ஒன்றாகத் தொடங்கின. யாரும் நிமிரவில்லை.

மேசைமேல் இருந்த புகைப்படத்தில் அவளும் கணவனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை நிற்குமளவு இடைவெளி. இருவரின் உள்ளங்கைகளும் எதையோ பிடித்திருப்பதுபோல் மடிந்து, காற்றில் தொங்கின.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"எந்தப் பாப்பா?"

"விளையாடாதீங்க. நம்ம பொண்ணு."

அவளிடம் இதுவரை பேசாத குரலில் அவன் சொன்னான். "நீ இன்னுமா சொல்லல? நாங்கெல்லாம் எப்பவோ சொல்லிட்டோம்."

வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். முன்வரிசையில் இருந்தவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பி அவளையே முறைத்தபடி வந்தார்கள், எல்லோருடைய நேரத்தையும் அவள் திருடிவிட்டதுபோல.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் நாத்தனார் உட்கார்ந்து சின்னச் சின்ன கவுன்களைக் குப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"யாரோட துணின்னே தெரியல அண்ணி. இடத்த அடைச்சுக்கிட்டு."

அவள் பையைப் பிடுங்கினாள். அப்போது கேட்டது. உள்ளறையில் தாளின்மேல் பென்சில் உரசும் ஓசை. வரையும்போது மகள் மூக்கால் பாடும் அதே ராகம்.

"கேக்கலையா உங்களுக்கு? உள்ளதான் இருக்கா!"

சமையலறையிலிருந்து வந்த கணவன் அப்படியே நின்றான். நாத்தனாரின் கை பாதியில் நின்றது. தெருவில் ஹாரன் ஓசைகள் அறுந்தன. குழாயின் வாயில் ஒரு சொட்டு நீர், விழாமல்.

கண்கள் மட்டும் அவளைத் தொடர்ந்தன.

"மறந்துட்டேன்னு சொல்லு," என்றது கணவனின் குரல். உதடு அசையவில்லை.

"மாட்டேன்."

"சொல்லு." நாத்தனாரிடமிருந்து. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து. தெருவிலிருந்து. ஒரே குரல். "உன்னாலதான் நிக்கிறோம். சொல்லு."

அவள் உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே இரட்டைச் சடை. காலையில் தன் கையால் பின்னியது. அவள் ஓடிப்போய்த் தரையில் அமர்ந்து, பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"பாப்பா. அம்மா வந்துட்டேன்டா."

பாட்டு நின்றது. பென்சில் நிற்கவில்லை. தாளைக் கடந்து, தரையைக் கீறிக்கொண்டே போனது.

குழந்தை திரும்பியது. அதே முகம். மோவாயில் அதே மச்சம். கண்கள் மட்டும் அவளை முதல்முறையாகப் பார்த்தன.

"யாரு நீ?" வயதான, எரிச்சலான குரல். "இது எனக்குக் குடுத்த இடம்."

அவள் கையை எடுக்கப் பார்த்தாள். சின்ன விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. எலும்பு நொறுங்கும் ஓசை.

அப்போது, அந்தத் தொண்டையின் ஆழத்தில், மூடிய உதடுகளுக்குப் பின்னால், மகளின் குரல். மிக மெல்ல.

"அம்மா... மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாதம்மா."

சன்னலில் முகங்கள். கணவன், நாத்தனார், மேனேஜர், பேருந்தில் வந்தவர்கள். கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி, இமைக்காமல், ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டு.

காத்திருந்தார்கள்.