சத்தத்துல கேக்கல

சோபனாவின் தலையைச் சுற்றி மட்டும் சத்தம் செத்துப்போயிருந்தது. ஆறு மர டிரம்களில் ஐந்து தோலையும் தண்ணீரையும் புரட்டிக்கொண்டு கண்ணெதிரே சுழல்கின்றன, காலுக்கடியில் தரை அதிர்கிறது, சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை மூக்கில் ஏறுகிறது. காதில் மட்டும் ஒன்றுமில்லை. பகல் பதினொரு மணிக்கு, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை நடுவே, பூட்டிய வீட்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது.

"உங்க காது எங்க இருக்குன்னு காலர்ல இருக்கிற இந்த மைக்தான் சொல்லும்கா," என்றான் காட்பாடியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் இளம்பரிதி. "டிரம்கிட்ட இருக்கிற மைக் சத்தத்த முன்னாடியே புடிச்சிடும். மேல தொங்குற ஸ்பீக்கர் எதிர்ச்சத்தம் போட்டு அமுக்கிடும். நீங்க நடந்தா அமைதியும் கூடவே நடக்கும். ஒரே மாதிரி வர்ற எரைச்சல்தான் போவும். யாராச்சும் கூப்ட்டா, தட்னா, நல்லா கேக்கும்."

அதற்காகத்தான் இந்தக் கருவியை வாங்கியிருந்தார்கள். அவள் சொன்ன ஒரு சொல்லை நம்பி.

டிரம்மை ஓடவிடுமுன் பலகையில் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே தோல் துணுக்கு அள்ளுபவர் இருந்தால் திருப்பித் தட்டுவார். போன ஆடியில் ஒரு நாள், "சீக்கிரம் போடும்மா" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தபோது, சோபனா மூன்றாம் டிரம்மைத் தட்டினாள். ஒரே ஒரு தட்டு திரும்பி வந்தது. பக்கத்து டிரம்மாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

உள்ளே சவுரியம்மாள் இருந்தாள்.

"சத்தத்துல கேக்கல," என்று சோபனா எல்லாரிடமும் சொன்னாள். செத்தவளின் புருஷன் ரத்தினசாமிகூட அவள் உச்சந்தலையில் கைவைத்து, "இந்த எரைச்சல்ல நீ இன்னாம்மா பண்ணுவ," என்றார். அந்தக் கையின் சூடு இன்னும் அங்கேயே இருந்தது. அவர் எதிரே வந்தால் சந்து மாறிப் போய்விடுவாள்.

மூன்றாம் டிரம் இப்போது காலியாக நின்றிருந்தது. அதைக் கடக்கும்போது கேட்டது.

டொக்.

அவள் மைக்கை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த இளம்பரிதி மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தான். "யாரோ தட்றாங்களே, கேக்குதாக்கா?"

"இல்ல. சத்தத்துல கேக்கல."

"சத்தந்தான் இல்லியேக்கா."

காது மடல்வரை சுட்டது. அவன் மீண்டும் திரையைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"இன்னொரு மைக்க யாருக்குக் குடுத்தீங்க? ரெண்டு நகருது."

கொடுத்தது ஒன்றுதான். சோபனா அதைப் பிய்த்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் எறிந்தாள். இரைச்சல் இடிபோல் வந்து விழுந்தது. அப்பாடா. இனி எதுவும் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் இடது காதில் குறைந்தது.

பிறகு வலது காதில்.

காலரைத் தடவினாள். ஒன்றுமில்லை.

அமைதி தானாக நடந்து வந்து பக்கத்தில் நின்றது. ஈரம் சொட்டியது. சுண்ணாம்பு வாடை.

உச்சந்தலையில், ரத்தினசாமி கைவைத்த அதே இடத்தில், மூன்று தட்டு.

பிறகு அது காத்திருந்தது.