ஆடு தின்ற மூன்று பாடங்கள்

வைகை ஆற்றின்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்தில் சொன்னாலும் ஆணை ஆணைதான்.

1978இல் திருநகரில் வீரணன் ஒரு புத்தகக் கடை வைத்திருந்தார். ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். அதற்கு நேரெதிரே ஒரு மெட்ராஸ் கம்பெனி தன் பத்தாவது கிளையைத் திறந்தது. கண்ணாடிக் கதவு, எட்டு மின்விசிறி, புத்தகம் வாங்கினால் ரப்பர் இலவசம். அந்த விசிறிகள் இழுத்த இழுப்பில் தெருவில் போனவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு தபால்காரர் சைக்கிளோடு போனார்.

வீரணன் கடைக்கு ஒருவரும் வரவில்லை. சுவரில் இருந்த பல்லி பொழுது போகாமல் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்தது.

"வெள்ளிக்கிழமையோட கடையைச் சாத்திருவோம்த்தா," என்றார் வீரணன், பத்து வயது மகள் செல்லக்கிளியிடம். "எதுத்த கடையில ஆள் கேக்குறாக. போறேன்."

"அங்க புத்தகம் விப்பீகளாப்பா?"

"இல்ல. மூட்டை தூக்கணும்."

செல்லக்கிளி அன்று சாப்பிடவில்லை. வீரணனும் சாப்பிடவில்லை. ஒருவர் சாப்பிடாததை மற்றவர் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் எழுமலை பஸ்ஸில் சின்னத்தாய் என்ற சிறுமி தன் அப்பாவோடு வந்து இறங்கினாள். கையில் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம். அட்டைக்கு அடுத்து நேராக நான்காம் பாடம் இருந்தது.

"ஆடு தின்னுருச்சு," என்றாள் சின்னத்தாய்.

"நாலாவது பாடத்தை ஏன் விட்டுருச்சு?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"அது காந்தம். மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

"எதுத்த கடையில கேட்டீகளா?" என்றார் வீரணன்.

"கேட்டோம்ண்ணே," என்றார் சின்னத்தாயின் அப்பா. "எட்டுப் புத்தகத்தையும் சேத்துக் கட்டி வச்சிருக்காக. ஒத்தப் புத்தகம் தரமாட்டாகளாம். கட்டைப் பிரிக்கணும்னா மெட்ராஸ்ல இருந்து கடுதாசி வரணுமாம்."

"எங்கிட்டயும் புதுப் புத்தகம் இல்லையேப்பா."

சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை புத்தகம் இல்லாமல் போனால் வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார்.

செல்லக்கிளி பழைய புத்தகக் குவியலுக்குள் தலையை விட்டாள். காலும் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாதிப் புத்தகத்தோடு வெளியே வந்தாள்.

"அப்பா, இதுல பின்பாதி இல்ல. முன்னாடி மூணு பாடம் இருக்கு."

"பாதிப் புத்தகத்தை யாரு வாங்குவா?"

"இந்த அக்காகிட்டயும் பாதிதான இருக்கு?"

வீரணன் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். செல்லக்கிளி நாக்கை நீட்டிக்கொண்டு மூன்று பாடங்களையும் தைத்தாள்.

மறுநாள் காலையில் திருமங்கலம் வரை வரிசை நின்றது. ஆடு தின்றது, கரையான் தின்றது, மழையில் ஊறியது, தம்பி கிழித்தது என்று ஆளுக்கொரு புத்தகம். வரிசையின் கடைசியில் எதிர்க்கடை மேனேஜர் ராஜாராமன் நின்றார்.

"எலிம்மா," என்றார் மெதுவாக. "மெட்ராஸுக்குத் தெரிய வேண்டாம்."

"உக்காருங்க சார். எத்தனை பாடம்?" என்றாள் செல்லக்கிளி.

வீரணன் கடையைச் சாத்தவில்லை. அன்று அப்பாவும் மகளும் ஆளுக்கு நாலு தோசை சாப்பிட்டார்கள்.