இவண், சிவபாண்டி

மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை… கோபமும்தான். பொன்மணிக்கு அன்று இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

கல்லூரி விட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக நின்றாள். மலைப்பக்கமிருந்து திபுதிபுவென்று மழை இறங்க, ஓடிப்போய் ஒரு கடை வாசலில் ஒதுங்கினாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்… எதிரே ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையும் பெண்ணும் நனைந்தபடி சிரித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே தங்க நிறத்தில்:

‘சண்டைக்கும் நீயே முதலில் வருகிறாய்…
சமாதானத்துக்கும் நீயே முதலில் வருகிறாய்…
எனக்கு என்னதான் வேலை?’

அவள் எழுதியது! ‘மழைக்காரி’ என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் போட்டது. ஃப்ளெக்ஸில் தாய்மாமன் பெயர் இருந்தது, மச்சான் பெயர் இருந்தது, கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள் கூட்டமே இருந்தது. எழுதியவள் பெயர் மட்டும் இல்லை. கீழ் மூலையில் ‘வடிவமைப்பு: சிவபாண்டி, இராஜபாளையம்’ என்று ஒரு செல் நம்பர்.

விடுவாளா? அங்கேயே நின்று போன் போட்டாள்.

“சிவபாண்டி அண்ணனா?”

“ஆமா, சொல்லுங்க. கல்யாணமா, காதுகுத்தா?”

“திருட்டு!”

மறுநாள் மாலை பஞ்சு மார்க்கெட் பக்கத்திலிருந்த அவன் கடைக்கே போய்விட்டாள். பெரிய மீசையும் தொந்தியுமாக ஒரு ஆளை எதிர்பார்த்துத் திட்டுகளைத் தயார் செய்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்ததோ ஒல்லியாக ஒருவன். உதடு சிரிக்கும் முன்னால் சிரித்துவிடுகிற கண்கள். தயார் செய்ததில் பாதி அங்கேயே மறந்து போனது.

“கஸ்டமர் ஸ்டேட்டஸ்ல பாத்து அனுப்புனாருங்க. யாரு எழுதுனதுன்னு நானும் தேடுனேன். மழைக்காரின்னு இருந்துச்சு. மழைக்காரிக்கு எந்த ஊரு, என்ன நம்பருன்னு ஒன்னும் இல்ல. வானத்தப் பாத்தா கேக்க முடியும்?”

“கிண்டலா?”

“இல்லங்க, தப்பு எம்மேலதான். ஆனா சொந்தப் பேருல ஒரு வெப்சைட் இருந்திருந்தா நானே கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்.”

“அதெல்லாம் வச்சிருக்கோம்!” என்று போனை நீட்டினாள்.

ஊதா நிறப் பின்னணி… அதில் மிதக்கும் ரோஜாக்கள்… ரோஜாவுக்கு மேல் மஞ்சள் எழுத்து. ஒன்பதாம் வகுப்புக் கவிதை முதல் நேற்று எழுதியது வரை மொத்தமும் ஒரே குவியல். அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான்.

“சிரிச்சீங்கன்னா அம்புட்டுதான்.”

“சிரிக்கலங்க… எழுத்து எங்க இருக்குன்னு தேடுறேன்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு இணைய இதழ், மாணவ எழுத்தாளர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி தருகிறது. சொந்தப் பெயர், சொந்த வெப்சைட், அதில் சிறந்ததாக ஐந்து எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் லிங்க் அனுப்ப வேண்டும்.

“திருடுனதுக்குத் தண்டனையா நான் செஞ்சு தாரேன்,” என்றான் சிவபாண்டி. “ஒரே ஒரு கண்டிஷன். அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க.”

பொன்மணி வெளியே பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். கன்னம் சூடாவதை இவனுக்கு எதற்குக் காட்ட வேண்டும்?

அந்த வாரம் மாலைகள் எல்லாம் இராஜபாளையம் பஸ்ஸிலேயே போயின. ஒவ்வொன்றாக அவன் சத்தம் போட்டு வாசிப்பான்.

“இது நல்லாருக்கு. இது… வேற யாரோ மாதிரி எழுதிப் பாத்த மாதிரி இருக்கு.”

சுருக்கென்றது. ஆனால் உண்மை. எடுத்துவிட்டாள். தன் எழுத்தை இத்தனை கவனமாக யாரும் வாசித்ததில்லையே என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டாள். வாசித்தவனின் கண்களையும்தான்…

கடைசியில் வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. மேலே பெரிதாக ஒரே பெயர்… பொன்மணி. அவளுக்கே புதிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை லிங்க்கை அனுப்பினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் தோழி பாண்டிசெல்வி அந்தப் பக்கத்தை அடிவரை தள்ளிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

“ஏட்டி பொன்மணி… யாருட்டி இந்த சிவபாண்டி?”

பக்கத்தின் அடியில், அழைப்பிதழில் அழைப்பவர் பெயர் போடுவதுபோல், நட்சத்திரப் பூ வேலைப்பாட்டுடன்: ‘இவண், சிவபாண்டி.’

வகுப்பே சிரித்தது. “மாப்ளையே முன்னின்று நடத்துறாரு போல!” என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். பொன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. இது கோயம்புத்தூருக்கும் போயிருக்குமே! வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள்.

“அய்யய்யோ… கைப்பழக்கங்க,” என்று அவன் பதறினான். “இவண் போடாம ஒரு ஃப்ளெக்ஸ் கடைய விட்டுப் போனதில்ல. கஸ்டமர் பேரு சொல்லலன்னா சும்மா என் பேர அடிச்சு வைப்பேன், பொறவு மாத்திக்கலாம்னு… இத மாத்த மறந்துட்டேன்.”

“நான் ஃப்ளெக்ஸ் இல்ல. அன்னைக்கு என் வரிய என் பேரு இல்லாம போட்டீங்க. இன்னைக்கு என் எழுத்துக்குக் கீழ உங்க பேரப் போட்டிருக்கீங்க. எனக்குன்னு இருக்கிறது என் பேரு ஒன்னுதான். அத விட்டுருங்க.”

வைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே அவன் பெயர் அழிந்தது. அவனும் அழைக்கவில்லை. அவள் அழைப்பாளா? கோபம் ஆறிய பிறகு வீம்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் இராஜபாளையம் பஸ் கிளம்பும்போதெல்லாம் கால் ஒரு அடி முன்னால் போய் நின்றது…

மறுபடியும் ஒரு மழை நாள். அதே கடை வாசல். போன் சிணுங்கியது. கோயம்புத்தூரிலிருந்து மெயில். தேர்வாகிவிட்டாள்! யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று யோசிக்கும் முன்பே மனசு ஒரு பெயரைச் சொன்னது.

நிமிர்ந்தாள். கல்யாணம் முடிந்தும் அந்த ஃப்ளெக்ஸை யாரும் இன்னும் கழற்றவில்லை. ஆனால் கீழ் மூலை மாறியிருந்தது. ‘வடிவமைப்பு: சிவபாண்டி’ இருந்த இடத்தை மறைத்து, புதிதாக ஒரு ஸ்டிக்கர் பட்டை:

‘வரிகள்: பொன்மணி’. அதன் கீழே அவளுடைய வெப்சைட் முகவரி.

தன் பெயரை மூடி, அவள் பெயரை ஒட்டியிருக்கிறான்… இந்த மழையில் யார் வாசிப்பார்கள் என்றுகூட நினைக்காமல்!

வத்திராயிருப்பு பஸ் வந்து நின்றது. பொன்மணி இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.

சொட்டச் சொட்ட வந்து நின்றவளைக் கண்டதும் சிவபாண்டி எழுந்தே விட்டான்.

“சண்டைக்கும் நானே வந்தேன்,” என்றாள். “இப்ப சமாதானத்துக்கும் நானே வந்திருக்கேன். உங்களுக்கு என்னதாங்க வேலை?”

“மன்னிப்புக் கேட்டு எம்புட்டோ டைப் பண்ணேன்… எல்லாம் உங்க வரி மாதிரியே வந்துச்சு. திரும்பவும் திருடன்னு சொல்லிருவீங்களோன்னு அனுப்பல.”

“செலக்ட் ஆயிட்டேன்.”

அந்தக் கண்கள் முதலில் சிரித்தன. உடனே வாடின. “அப்போ கோயம்புத்தூர் போயிருவீங்க…”

“ஒரு வருசம். போயிட்டு வருவேன்.”

அவன் கீபோர்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். “அந்த இவண்… சத்தியமா பழக்கந்தான். ஆனா அழிக்கும்போது அழிக்க மனசே வரலங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது… உங்கள அம்புட்டுப் பிடிச்சிருக்குன்னு.”

மழை தகரக் கூரையில் கொட்டியது. அதற்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள்.

“என் வெப்சைட்ல என் பேரு மட்டுந்தான் இருக்கும். என்னைக்கும்.”

“சரிங்க…” அவன் முகம் தொங்கிப்போனது.

“ஆனா… கல்யாணப் பத்திரிகைன்னா ரெண்டு பேரு போட்டுத்தான ஆகணும்?”

விருட்டென்று நிமிர்ந்தான்.

“டிசைன்…?”

“நீங்க.”

“வரி?”

“நான். இவண் மட்டும் எங்க அப்பாவும் உங்க அப்பாவும்,” என்று துப்பட்டாவைப் பிழிந்தபடி சிரித்தாள் பொன்மணி. “வத்திராயிருப்புக்கு வந்து எங்க அப்பாகிட்டப் பேசணும்ல… அதுதான் உங்க வேலை!”